செட்டை மடங்காத வண்டி

ஜனவரி 11, வியாழன்

இன்று மாதிரி ரயில் சங்கத்தில் வால்ட்டர் ஒரு பனி தள்ளும் வண்டியை என் கையில் தந்தார். உள்ளங்கையில் வைக்கலாம். உண்மையான வண்டியின் எண்பத்தேழில் ஒரு பங்கு. தொழிற்சாலையில் வார்த்து, பெயின்ட் அடித்து, பெட்டியில் போட்டு வந்தது. தண்டவாளத்தில் வைத்தால் உருளும். ஆனால் உருவம் பிழை.

மூக்கு மழுங்கல். கப்பலின் முன்பக்கம் போல் கூராக வரவேண்டியது சப்பாத்து நுனி போல் இருக்கிறது. மேல்கூண்டு ஒன்றரை மில்லிமீட்டர் உயரம் கூட. இரண்டு பக்கமும் சிறகுபோல் உள்ள செட்டைகள் பென்சிலால் கோடு போட்டதுபோல் உடம்போடு ஒட்டிக் கிடக்கின்றன. வட்டம் வரையச் சொன்னால் முட்டை வரைந்துவிட்டு "சுத்தி வந்திட்டுதுதானே டீச்சர்" என்று கேட்கும் பிள்ளையின் கொப்பி ஞாபகம் வந்தது.

"திருத்த முடியுமா டீச்சர்?" என்று வால்ட்டர் கேட்டார். சங்கத்தில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆறு கிழவர்களும் நானும்.

"ஊரிலும் இங்கேயும் முப்பத்தெட்டு வருடம் வேறென்ன செய்தேன்?" என்றேன்.

சங்க மேசையில் அந்த விபத்து அட்டை இன்னும் பாலத்தின் பக்கத்தில்தான் இருக்கிறது. மார்ச் 2ஆம் தேதி கண்காட்சி. அதற்குள் அதை மாற்றவேண்டும். அதற்காகத்தான் சங்கத்தில் சேர்ந்தேன் என்பது இந்தக் கொப்பிக்கு மட்டும் தெரியட்டும். வீட்டில், விரல்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 12, வெள்ளி

அட்டையில் உள்ளதை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"1989 பெப்ரவரி 9. பாலத்துக்கு முன் செட்டையை மடக்க ஊழியர் தவறியதால் பனி தள்ளும் வண்டி பாலத்தின் இரும்பில் மோதித் தடம் புரண்டது. மேற்பார்வையாளர் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தார்."

போன வருடக் கண்காட்சிக்கு மகள் மேகலாவோடு சும்மா பொழுது போக்கப் போனேன். சங்கம் வடக்கே உள்ள ஒரு பாதையை மேசைமேல் கட்டியிருந்தது. ஆறு, பைன் மரங்கள், பஞ்சுப் பனி, பாலம். பிறகு அட்டை. வாசித்துவிட்டு மேகலாவிடம் கோப்பி வேண்டும் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

அந்த ஊழியர், மேகலாவின் அப்பா, இப்போது எங்கள் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருக்கிறார். எழுபத்துநாலு வயது. அயல் வீட்டு நடைபாதையையும் சேர்த்து அள்ளுகிறார். வேண்டாம் என்றால் கேட்கமாட்டார்.

மத்தியானம் ஒடியல்மாக் கூழ் வைத்தேன். போட்டது கடையில் வாங்கிய உறைந்த நண்டு. ருசி போதாது.

ஜனவரி 14, ஞாயிறு

மூக்கை அராவத் தொடங்கினேன். பிளாஸ்டிக் தூள் மூக்குக்கண்ணாடி முழுக்க.

ஜனவரி 18, வியாழன்

இந்த வண்டிக்கு எஞ்சின் கிடையாது. பின்னாலிருந்து எஞ்சின் தள்ளும். முன்மூக்கு பனியைப் பிளக்கும். இரண்டு பக்கச் செட்டைகளும் விரிந்து அதை அப்பால் ஒதுக்கும். மேல்கூண்டில் இரண்டு பேர் இருப்பார்கள். மேற்பார்வையாளர் பாதையைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் காற்றழுத்தக் கைப்பிடியால் செட்டையை விரிப்பார், மடக்குவார். பாலம், நிலையம், கடவை வந்தால் மடக்கியே ஆகவேண்டும். கோழி சிறகை ஒடுக்கிக்கொண்டு கூட்டுக்குள் போவதுபோல.

மூக்குக்கு முதலில் புட்டிப் பசை வைத்து முன்னுக்கு இழுத்தேன். காய்ந்ததும் அரம், பிறகு உப்புத்தாள். அவசரப்பட்டால் ஒரு பக்கம் கூடத் தேய்ந்துவிடும். இரண்டு தேய்ப்பு இந்தப் பக்கம் என்றால் இரண்டு தேய்ப்பு அந்தப் பக்கம். மேல்கூண்டை அடியில் வெட்டி, ஒன்றரை மில்லிமீட்டர் குறைத்து, திரும்ப ஒட்டினேன்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. திருத்திய எதுவும் வால்ட்டரின் தகரத்துண்டுகளில் பொருந்தினால்தான் மேசைக்கு ஏறும். பழைய வரைபடங்களிலிருந்து ஒவ்வொரு வளைவையும் தகரத்தில் வெட்டி வைத்திருக்கிறார். இன்று மூக்கில் தகரத்தை வைத்து விளக்குக்கு எதிரே பிடித்தார். வெளிச்சம் ஒரு கீற்றும் வரவில்லை.

"பாஸ்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வயதில் பாஸ்.

ஜனவரி 22, திங்கள்

மேகலா வந்திருந்தாள். சலவை அறையில் மேசை போட்டு நான் அராவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் அவர் வண்டியோடு நிற்கும் பழைய படமும் இருந்தது.

"அம்மா, இது அப்பான்ர பனி தள்ளுற வண்டி எல்லோ?"

"ஓம்."

"விசரே உங்களுக்கு? அப்பா கண்டால் என்ன ஆகும்? ஹார்ட்டுக்கு ஸ்டென்ட் போட்டு ஒரு வருசம்கூட ஆகேல்லை."

"அப்பா இந்த அறைக்குள்ள வாறேல்லை. அவர் உடுப்புத் தோய்ச்ச வருசம் எது?"

அவள் சிரிக்கவில்லை. "முப்பத்தைஞ்சு வருசம் அம்மா. அவரே மறந்திட்டார். ஏன் கிளறுறீங்கள்?"

"மறந்தவர் ஏன் ரயில் கடவையில கண்ணை மூடுறார்?"

 கதவைச் சாத்திவிட்டுத் தகப்பனுக்குத் தேத்தண்ணி போடப் போனாள்.

படத்தைப் பற்றி எழுதவேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தபோது அவர் அனுப்பியது. "நான் வேலை செய்யிற வண்டி" என்று கடிதத்தில் இருந்தது. இடப்பெயர்வில் கடிதம் தொலைந்தது. படம் என் சேர்டிபிக்கற் கோப்புக்குள் இருந்ததால் தப்பியது. வண்டியை நேர் முன்னாலிருந்து எடுத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் முழங்கால் அளவு பனி, வண்டிக்கு முன்னால் தண்டவாளம் மட்டும் தெரிகிறது. அவர் தன்னுடைய பக்கச் செட்டையில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஸ்டைலாக நிற்கிறார். தடித்த கையுறை. மீசை அப்போது கறுப்பு.

ஜனவரி 25, வியாழன்

ஃபெயில்.

செட்டைகளை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் செய்தேன். படத்தில் செட்டை உடம்போடு ஒட்டி இல்லை. மடக்கிய நிலையிலும் கொஞ்சம் விலகி நிற்கிறது. வேணியர் இடுக்கியால் அளந்தேன். தண்டவாள இடைவெளியின் எட்டில் ஒன்று. மாதிரியில் இரண்டு மில்லிமீட்டர். அதன்படி ஒட்டியிருந்த செட்டைகளைக் கிளப்பி, பிளாஸ்டிக் தகட்டில் புதிதாக வெட்டி, மடங்குவதற்குப் பிணைச்சல் வைத்து, இரண்டு பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் விலக்கி நிறுத்தினேன். தொழிற்சாலையின் பிழையைத் திருத்திவிட்டேன் என்று பெருமை வேறு.

வால்ட்டர் தகரத்தை வைத்தார். உட்காரவில்லை.

"டீச்சர், மற்றதெல்லாம் அழகு. செட்டை பிழை. மடக்கினால் உடம்போடு படியவேண்டும். எல்லா வரைபடத்திலும் அப்படித்தான். இதில் மட்டும் தொழிற்சாலைக்காரன் சரி."

"படத்தில் அப்படி இல்லையே."

பாலத்தைக் கட்டியவர் டென்னிஸ். பழைய கப்பல் கணக்காளர், நாக்கு நீளம். "படம் எடுத்தவனுக்குக் கை நடுங்கியிருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பஸ்ஸில் வரும்போது காது சுட்டது. நாளைக்குத் திரும்ப அளப்பேன்.

ஜனவரி 26, வெள்ளி

பிழை விட்டது நான்தான். ஆனால் டென்னிஸ் நினைத்த பிழை அல்ல.

நான் ஒரு பக்கத்தை மட்டும் அளந்திருக்கிறேன். அவர் நிற்கும் பக்கத்தை. மறுபக்கமும் அப்படித்தான் இருக்கும் என்று அதே அளவைப் போட்டுவிட்டேன். ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தை எழுதாதே, சமச்சீர் என்றால் முதலில் நிறுவு என்று எத்தனை பிள்ளைகளின் கொப்பியில் எழுதியிருப்பேன்!

மறுபக்கச் செட்டை உடம்போடு அச்சாகப் படிந்திருக்கிறது. வால்ட்டரின் தகரம் போல.

அப்படியென்றால் வண்டி சாய்ந்து நிற்கவில்லை. படம் எடுத்தவரின் கையும் நடுங்கவில்லை. இந்த வண்டியில், இந்தச் செட்டை மட்டும் முழுதாக மடங்கவில்லை.

பூதக்கண்ணாடியால் இன்னொரு தடவை பார்த்தேன். அவருடைய கை செட்டையின் மேல் இல்லை. செட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிறது. கையுறையோடு, மணிக்கட்டு வரைக்கும் உள்ளே. இவ்வளவு காலமும் ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். மனுஷன் காட்டியிருக்கிறார்.

படத்தின் பின்பக்கத்தில் அவருடைய கையெழுத்து: 21.1.89. விபத்து பெப்ரவரி ஒன்பது.

ஜனவரி 27, சனி

சோறு அடிப்பிடித்தது. அவர் அதையே சாப்பிட்டார்.

ஜனவரி 30, செவ்வாய்

விசாரணை அறிக்கையின் நகல் அலுமாரியில் இருக்கிறது. அப்போது அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் யெஸ், நோ, சாரி. "மடக்கினேன், முழுக்க வரவில்லை" என்று சொல்லியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் இல்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அறிக்கையின் வாதம் ஒரே ஒரு வரி: செட்டை மடங்கியிருந்தால் வண்டிக்கும் பாலத்தின் இரும்புக்கும் இடையில் ஐந்து அங்குலம் இடமிருக்கும். ஆகவே மோதியது என்றால் மடக்கவில்லை.

என் கணக்கு இது. தண்டவாள இடைவெளி ஐம்பத்தாறரை அங்குலம். அதில் எட்டில் ஒன்று ஏழு அங்குலம். செட்டை, தண்டவாளத்தில் நான் அளந்த இடத்துக்கும் பின்னால் இருக்கிறது. தூரத்தில் உள்ளது படத்தில் சிறிதாகத்தான் விழும். ஆகவே ஏழுக்குக் கூடலாம், குறையாது. ஐந்து அங்குல வழியில் ஏழு அங்குலம் எப்படிப் போகும்? இதைச் சொல்லப் பட்டம் தேவையில்லை. எட்டாம் வகுப்புப் போதும்.

இன்னொன்றையும் எழுதவேண்டும். இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறேன்.

ஊரில் ஒருமுறை தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்தேன். சிவசொரூபி என்ற பிள்ளை ஒரு கணக்குக்கு 14 என்று எழுதியிருந்தாள். விடைப் புத்தகத்தில் 16. வெட்டினேன். அவள் எழும்பி நின்று, "டீச்சர், ஒருக்கால் செய்து பாருங்கோ" என்றாள். "புத்தகம் பொய் சொல்லாது, இரும்" என்றேன். அடுத்த வருடம் புதிய பதிப்பில் 14 என்று திருத்தி வந்தது. பிள்ளை அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

1992இல், நான் இங்கே வந்து ஒரு வருடம் கழித்து, அந்த அறிக்கை கையில் அகப்பட்டது. வாசித்தேன். பிறகு அவரிடம் போய், "உண்மையாவே மடக்கினீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார்.  அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து அந்த வண்டியின் பேச்சு வந்ததேயில்லை.

அப்போதும் படம் என் கோப்புக்குள்தான் இருந்தது.

பெப்ரவரி 1, வியாழன்

இன்று வகுப்பு எடுத்தேன்.

ஒரு செட்டையை உடம்போடு படியவைத்துவிட்டேன். மற்றதை இரண்டு மில்லிமீட்டரிலேயே விட்டேன். வால்ட்டர் தகரத்தை எடுக்கமுன் நான் வண்டியைப் பாலத்தின் முன்னால் தண்டவாளத்தில் வைத்தேன்.

"டென்னிஸ், உங்கள் பாலம் அளவு சரியா?"

"மயிரிழை பிசகாது" என்றார். கேட்டது அவருக்குச் சந்தோஷம்.

"இடைவெளி?"

"ஐந்து அங்குலம். நம் அளவில் ஒன்றரை மில்லிமீட்டர். அறிக்கையைப் பார்த்துத்தான் கட்டினேன்."

"அப்படியானால் தள்ளுங்கள்."

தள்ளினார். டக். வண்டி நின்றது. செட்டை பாலத்தின் முதல் இரும்பில் இடித்தது. பின்னுக்கு இழுத்து இன்னொருமுறை தள்ளினார். டக்.

"செட்டையைப் பிழையாகச் செய்தால் இடிக்கத்தானே செய்யும்?" என்றார்.

படத்தைக் காட்டினேன். தேதியைக் காட்டினேன். கையுறையைக் காட்டினேன். வால்ட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"டீச்சர், இந்தப் படம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?"

"அதில் நிற்பவர் என் கணவர்."

  முதலில் வாய் திறந்தது டென்னிஸ்தான். "கோபிக்காதீர்கள். மனைவி கணக்குப் போட்டால் விடை கணவன் பக்கம்தானே வரும்?"

கோபிக்கவில்லை. இந்தக் கேள்விக்கென்றே ஏழு நகல் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஆளுக்கொரு நகல், ஆளுக்கொரு அடிமட்டம், ஒரு பென்சில்.

"நான் போடவில்லை. நீங்கள் போடுங்கள். பக்கத்தில் உள்ளவரைப் பார்த்து எழுதக்கூடாது."

ஆறு கிழவர்களும் குனிந்து அளந்தார்கள். ஒருவர் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு அளந்தார், என் பிள்ளைகள் போலவே. வந்த விடைகள்: ஏழு, ஆறரை, ஏழு, ஏழரை, ஏழு. டென்னிஸ் கடைசியாகத் தாளைக் கவிழ்த்து வைத்தார். நான் திருப்பிப் பார்த்தேன். ஏழேகால்.

ஒருவருக்கும் ஐந்து வரவில்லை.

பெப்ரவரி 8, வியாழன்

அட்டையை எடுத்துவிடலாம் என்றார் வால்ட்டர். நல்ல மனுஷன், எனக்கு உதவி செய்வதாக நினைத்தார்.

"வேண்டாம்" என்றேன். "எடுத்துவிட்டால் போன வருடம் வாசித்துவிட்டுப் போனவர்களுக்கு யார் சொல்வது?"

"புதிதாக எழுதலாமா?"

"அதுவும் வேண்டாம். நான் ஒருநாளும் பிள்ளைகளின் பிழையை அழிறப்பரால் அழித்ததில்லை. சிவப்புக் கோடு போட்டு வெட்டுவேன், பக்கத்தில் சரியானதை எழுதுவேன். பிழை நடந்தது தெரியவேண்டும். திருத்தினதும் தெரியவேண்டும்."

கையெழுத்தில் கோடு போட்ட அட்டை கண்காட்சிக்கு அசிங்கம் என்று ஒருவர் முனகினார். "அசிங்கம்தான்" என்றேன். வாக்கெடுத்தார்கள். ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்று டென்னிஸ் அல்ல.

சிவப்புப் பேனா என் கைப்பையில் எப்போதும் இருக்கிறது.

பெப்ரவரி 9, வெள்ளி

அவர் இன்று சாப்பிடவில்லை. ஒவ்வொரு வருடமும் இந்தத் தேதியில் வயிறு சரியில்லை என்பார். நானும் ஒவ்வொரு வருடமும் இஞ்சி போட்டுக் கொடுப்பேன்.

பெப்ரவரி 25, ஞாயிறு

பெயின்ட் காய்ந்துவிட்டது. மேகலா போனில் திரும்பவும் சொன்னாள், அப்பாவுக்குக் காட்டவேண்டாம் என்று. காட்டாமல் கண்காட்சியில் வைத்தால் அதுவும் அவர் முதுகுக்குப் பின்னால் எழுதின அறிக்கைதானே? ஒன்று போதும்.

பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வண்டியை வைத்தேன். நான் எதிரே இருந்தேன். 

அவர் பேப்பரை மடித்து வைத்தார். வண்டியைப் பார்த்தார். தொடவில்லை. தேத்தண்ணி ஆறியது.

"ஆர் செய்தது?"

"நான்தான்."

"செட்டை இப்பிடி எண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

"படம் சொன்னது. நீங்கள் அனுப்பின படம். கையை உள்ளுக்க விட்டுக் காட்டியிருக்கிறீங்கள்."

"நானும் சொன்னனான்" என்றார். குரல் உயரவில்லை. "ஃபோர்மனுக்குச் சொன்னனான். பார்ப்பம் எண்டார். என்கொயரியில சொன்னனான். உமக்கும் சொல்லத்தான் இருந்தனான்."

"ஓம். நான் புத்தகத்தைத்தான் நம்பினனான்."

  மன்னிப்பு என்ற சொல்லை அவரும் கேட்கவில்லை, நானும் அதைச் சொல்லித் தப்பிக்கவில்லை. பிறகு அவர் ஒரு விரலால் செட்டையை விரித்தார். மடக்கினார். அது இரண்டு மில்லிமீட்டரில் நின்றது. இன்னொருமுறை விரித்தார், மடக்கினார். மூக்கின் வளைவைத் தடவினார். பிறகு வண்டியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"பிழை."

"என்ன?"

"கீழ்ப்பக்கம் இதைவிடக் கூட விலகி நிண்டது. மேல ஏழு அங்குலம் எண்டால் கீழ ஒன்பது, பத்து. கீழ்ப் பிணைச்சல்தான் வளைஞ்சது. உம்மட படத்தில பனி மூடியிருக்கும், தெரியாது."

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். கீழ்ப்பக்கம் முழுக்கப் பனி.

"டீச்சராம்" என்றார். "அந்த அரத்தைக் கொண்டு வாரும்."

சலவை அறைக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மார்ச் 2, சனி

கண்காட்சி. ஆட்கள் கூட்டம். காலையில் அவர் தானே கோட்டை எடுத்துப் போட்டார். மேகலாவுக்கு என்மேல் இன்னும் கோபம். ஆனால் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்கினாள்.

அட்டை பாலத்தின் பக்கத்தில். பழைய வரியின் குறுக்கே சிவப்புக் கோடு. கீழே என் கையெழுத்தில்: "மடக்கினார். வண்டியின் செட்டை பழுது, முழுதாக மடங்கவில்லை. விபத்துக்குப் பத்தொன்பது நாள் முன் எடுத்த படம் பக்கத்தில். சந்தேகப்படுபவர்கள் அளந்து பார்க்கலாம்." அடிமட்டத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். மத்தியானத்துக்குள் பென்சில் இரண்டு தேய்ந்துவிட்டன.

டென்னிஸ் வந்தார். குனிந்து வண்டியைப் பார்த்தார். தகரத்துண்டை எடுத்து வைத்தும் பார்த்தார்.

"டீச்சர், கீழ்ப்பக்கம் போனமுறை இப்படி இல்லை. இன்னும் விலக்கியிருக்கிறீர்கள். படத்தில் இது இல்லையே. எதைப் பார்த்துச் செய்தீர்கள்? அறிக்கையா? வரைபடமா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். என் தோளில் ஒரு கை பட்டது.

அவருடைய ஆங்கிலம் இப்போது நன்றாக இருக்கிறது. ரயில் வேலைக்குப் பிறகு, மாவுத் தட்டுச் சுமந்த பேக்கரியில் இருபத்தாறு வருடம் பழகியது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, பின்வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"என்னைப் பார்த்து. நான் உள்ளே இருந்தேன். மடக்கினேன்."

டென்னிஸ் தகரத்துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வண்டியைப் பாலத்துக்கு முன்னால் வைத்தார். இவரைப் பார்த்தார்.

"தள்ளுகிறீர்களா?"

இவர் தள்ளினார். டக்.

சுற்றி நின்றவர்கள் இன்னொருமுறை கேட்டார்கள். தள்ளினார். மாலை வரைக்கும் கேட்ட எல்லோருக்கும் தள்ளிக் காட்டினார். பாலத்தின் முதல் இரும்பில் பெயின்ட் உரிந்துவிட்டது. அதை யாரும் திருத்தக்கூடாது என்று வால்ட்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.